வள்ளல் பச்சையப்பர்: கொடுத்தவரும் காத்தவரும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

செல்வம் நிலையாதது என்று சொல்லாத புலவர் நம் மொழியில் இல்லை. அப்படியும் நிலைத்து நின்ற செல்வம் ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்த்தால், அது பெட்டியில் பூட்டி வைத்ததாக இராது. பிறர்க்கென்று கொடுத்துவிட்டதாகவே இருக்கும். கொடுத்ததெல்லாம் நின்றுவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. நம் நாட்டில் எத்தனையோ பேர் சத்திரம் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், நிலம் எழுதி வைத்தார்கள். அவற்றுள் பல இன்று பெயரளவிலேயே இருக்கின்றன. விக்கிரவாண்டிக்கு அருகேயுள்ள எங்கள் சிற்றூர்ப் பக்கத்தில் சாலையோரத்துச் சத்திரம் ஒன்று கூரை இடிந்து கிடக்கிறது. அதற்கு எழுதி வைத்த நஞ்சை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சு பேசுகிறார்கள்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும், ஈகை என்று மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வகுத்தார். வாடி வந்து நிற்பவனுக்குக் கொடுப்பது ஈகை. முகம் அறியாத ஊராருக்கும் பயன்படும்படி பொருளை அமைத்து வைப்பது ஒப்புரவு. ஈகை கொடுத்த கணத்திலேயே முடிந்துவிடும். ஒப்புரவோ கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இவ்வெண்ணத்துக்குச் சான்றாக வள்ளல் பச்சையப்ப முதலியாரின் வரலாற்றை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன்.

பச்சையப்பன் கல்லூரி என்னும் பெயரைக் கேளாத மாணவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், அந்தப் பெயருக்கு உரியவர் கல்லூரி கட்டியவர் அல்லர். பள்ளிக்கூடம் கட்டியவரும் அல்லர். அவர் மறைந்து 48 ஆண்டுகள் கழித்தே அவர் பெயரில் முதற்பள்ளி தோன்றியது. இது எப்படி நேர்ந்தது?

துபாஷியின் செல்வம்

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை விசுவநாத முதலியார், மகன் பிறக்கும் முன்பே காலமானார். தாய் பூச்சியம்மாள் தம் பெண்மக்களோடும் இச்சிறுவனோடும் ஆதரவு தேடிச் சென்னைக்கு வந்தார். அங்கே பவுனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி அக்குடும்பத்தைத் தாங்கினார். பச்சையப்பரின் வாழ்வு பிறர் கொடுத்த சோற்றில் வளர்ந்த வாழ்வு என்பதை நாம் முதலில் நினைவில் கொள்ளவேண்டும்.

துபாஷி என்ற சொல்லுக்கு இருமொழி அறிந்தவன் என்பது பொருள். ஆனால், துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளன் அல்லன். அக்காலத்தில் கும்பினி உத்தியோகஸ்தரும் வெள்ளைக்கார வணிகரும் இந்நாட்டில் ஒரு பொருளை வாங்கவோ விற்கவோ, கடன் கொடுக்கவோ வசூலிக்கவோ துபாஷி இல்லாமல் முடியாது. நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பவனும் அவனே; சந்தை விலையைச் சொல்பவனும் அவனே. துரைக்குக் கைமாற்று தேவைப்பட்டால் புரட்டித் தருபவனும் அவனே. இதற்கெல்லாம் தரகு உண்டு. புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையும் பிரெஞ்சுக்காரரிடம் இத்தகைய பதவியில் இருந்தவரே.

பச்சையப்பர் நாராயண பிள்ளையிடமே ஆங்கிலமும் கணக்கும் தொழிலும் கற்றார். இளமையிலேயே தரகில் இறங்கிப் பொருள் சேர்த்தார். பின்னர்த் தஞ்சையில் கும்பினி அதிகாரிகளுக்குத் துபாஷியாக இருந்து, அரசருக்கும் கும்பினிக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் பெருஞ்செல்வர் ஆனார். தஞ்சைக்குப் போவதற்குமுன் அவர் சென்னைக் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தார் என்றும், கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வழிபடுவது அவர் வழக்கம் என்றும் கூறுவர். இன்றைய கூவத்தைப் பார்த்த நமக்கு இச்செய்தி வியப்பைத் தரும்!

கும்பகோணத்தில் எழுதிய உயில்

சென்னையிலிருந்து வரும் பெருஞ்சாலை நம் விக்கிரவாண்டியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குச் செல்கிறது. மற்றொன்று பண்ணுருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று சென்று, கும்பகோணத்தைத் தொட்டுத் தஞ்சாவூரை அடைகிறது. நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் இந்தப் பிரிவின் ஒரு முனையில் பச்சையப்பர் பொருள் ஈட்டக் கற்றார். மறுமுனையில் அப்பொருளைத் துறந்தார்.

1794 மார்ச்சு 22ஆம் நாள், நோய்வாய்ப்பட்டிருந்த நிலையில், கும்பகோணத்தில் அவர் தம் உயிலை எழுதினார். மார்ச்சு 31ஆம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 40. உயிலுக்கும் மரணத்துக்கும் இடையே ஒன்பது நாட்களே இருந்தன.

அறத்துக்காக அவர் வைத்த தொகை ஒரு லட்சம் வராகன். வராகன் என்பது அக்காலத்துப் பொன் நாணயம். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்பது பிற்காலத்துக் கணக்கு. ஆகவே மூன்றரை லட்சம் ரூபாய். கோயில் பூசைகள், அன்னதானம் முதலிய அறங்கள் காசி முதல் கன்னியாகுமரி வரை நடைபெற வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆங்கிலப் பள்ளி அவர் காலத்துச் செல்வரின் கனவில்கூட வராத ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதே 1857இல்தான்.

இவ்வுயிலின் நுட்பம் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். முதல் கரையக்கூடாது, வட்டியிலிருந்தே செலவு நடக்கவேண்டும் என்பதே இத்தகைய கட்டளைகளின் அடிப்படை. கோட்டையிலுள்ள நெல்லைக் குத்தித் தின்றுவிடாமல், அதை விதையாக வைத்து ஆண்டுதோறும் விளைவை மட்டும் உண்பது போன்றது இது. விதைநெல்லைக் காக்கக் காவல் வேண்டும். அந்தக் காவலைச் சரியாக அமைக்க ஒன்பது நாட்கள் போதவில்லை.

நாற்பத்தெட்டு ஆண்டுகள்

அவர் கண்மூடியபின் நடந்தது நம் ஊர்களில் இன்றும் நடக்கும் கதைதான். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள், உறவினர், உரிமை கோரியவர் என்று பலர் கிளம்பினர். வழக்கின்மேல் வழக்கு வந்தது. அறம் உயிலில் இருந்தது. பணம் வேறிடத்தில் இருந்தது.

அக்காலத்தில் அறக்கட்டளைகளைக் கவனிக்க இன்றுள்ள அறநிலையத் துறை கிடையாது. கோயில்களையும் சத்திரங்களையும் ரெவினியூ போர்டு மேற்பார்வை செய்யவேண்டும் என்று 1817இல் ஏழாவது ஒழுங்குச் சட்டம் வந்தது. சென்னை நகரத்து வழக்குகளுக்கு 1801இல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டே பெரிய மன்றம். இன்றைய உயர் நீதிமன்றம் 1862இல்தான் வந்தது. பச்சையப்பர் தருமம் இந்தச் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. அரசு வழக்கறிஞர் தலைவர்களாக இருந்த காம்ப்டனும், அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டனும் இதில் முனைந்தனர். சிதறிய பணம் மன்றத்தின் பாதுகாப்பில் திரட்டப்பட்டது.

இங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. பல்லாண்டு செலவிடப்படாமல் நின்ற வட்டி வளர்ந்து, முதலையே எட்டிப் பிடிக்கும் அளவுக்குப் பெருகியிருந்தது. இது எப்படி என்று வியக்க வேண்டியதில்லை. ஒரு லட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று என்ற எளிய வட்டிக்கு விட்டாலும் 34 ஆண்டுகளில் வட்டி முதலைத் தாண்டிவிடும். உயிலில் கூறிய கோயில் அறங்களுக்கு மூலத்தொகையை ஒதுக்கிய பின்னும் பெரும் மிகுதி கையில் நின்றது.

இம்மிகுதியை என்ன செய்வது? கொடுத்தவர் குறிப்பிட்ட அறத்துக்குக் குறைவின்றி வைத்துவிட்டு, மீந்ததை அவர் நோக்கத்துக்கு ஒத்த மற்றொரு பொதுநன்மைக்குப் பயன்படுத்தலாம் என்பது அறக்கட்டளைச் சட்டத்தின் ஒரு கொள்கை. இதன்படி மிகுதிப் பணம் ஏழை இந்துச் சிறுவரின் கல்விக்கு ஆயிற்று. நிர்வாகம் தனியொருவர் கையில் இல்லாமல், நகரத்துப் பெரியோர் பலர் அடங்கிய தருமகர்த்தாக்கள் சபையிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்களுள் முன்நின்றவர் கோமளீசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை. கட்டளையின் விவரத்தைச் சில கோயில்களில் கல்லில் பொறித்தும் வைத்தார்கள். எவரும் படிக்கக்கூடிய இடத்தில் கணக்கு நின்றால், மறைக்க நினைப்பவன் கை நடுங்கும் அல்லவா?

பிராட்வேயில் ஒரு பள்ளி

1842 சனவரி முதல் நாள், சென்னைப் பிராட்வேயில் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் கற்பித்தார்கள். அப்போது சென்னையில் ஆங்கிலக் கல்வி வேண்டுவோர் பாதிரிமார் பள்ளியை நாடவேண்டும். இல்லையேல் அரசாங்கம் அப்போதுதான் தொடங்கியிருந்த பள்ளியை நாடவேண்டும். இந்நாட்டவர் ஒருவர் வைத்த பணத்தில், இந்நாட்டவர் நிர்வாகத்தில் தோன்றிய இப்பள்ளி, தென்னிந்தியக் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பம் ஆயிற்று.

1846இல் எஸ்பிளனேடில் பச்சையப்பன் மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினர். 1850இல் கட்டடம் திறக்கப்பட்டது. ஏதென்சு நகரத்துப் பழைய கிரேக்கக் கோயில் ஒன்றின் அமைப்பைப் பின்பற்றிய கட்டடம் அது. கோயில் பூசைக்கென்று பணம் வைத்த தமிழர் ஒருவரின் பெயரை, கிரேக்கக் கோயில் வடிவத்தில் ஒரு கல்விக்கூடம் தாங்கி நிற்பது காலத்தின் விளையாட்டு. பள்ளி வளர்ந்து 1880களில் கல்லூரி நிலையை எட்டிற்று. நகர நெரிசலை விட்டு 1940இல் சேத்துப்பட்டுக்குச் சென்றது.

அங்கே படித்தவருள் இருவரை மட்டும் குறிப்பிடுகிறேன். கும்பகோணத்தில் கல்லூரி உதவித்தொகையை இழந்த ஓர் ஏழை இளைஞர் 1906இல் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரைத் தட்டிக்கொடுத்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாததால் அவர் தேர்வில் தோற்றார். அவரே பின்னாளில் உலகம் போற்றிய கணிதமேதை இராமானுசன். பச்சையப்பர் உயில் எழுதிய அதே ஊரின் பிள்ளைக்கு, நூறாண்டுக்கு மேல் கழித்து அந்த உயிலே ஒரு வகுப்பறை தந்தது.

மற்றொருவர் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப் படிப்பு முடிந்தபின் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்; பொருளாதாரத்தில் ஆனர்சு பட்டம் பெற்றவர். 1967இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரான அறிஞர் அண்ணாதான் அவர். விழுப்புரத்து அரசு கலைக் கல்லூரி இன்று அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே பச்சையப்பரின் வட்டியில் ஒரு துளி நம் மாவட்டத்துக்கும் வந்திருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

நேராகவும் வந்திருக்கிறது. சிதம்பரத்திலும் காஞ்சியிலும் பச்சையப்பன் பள்ளிகள் உண்டு. சிதம்பரம் பழைய தென்னார்க்காட்டின் நகரமே. அங்குள்ள கிழக்குக் கோபுரத் திருப்பணியோடும் பச்சையப்பர் பெயரைச் சேர்த்துப் பேசுவர். கடலூரில் கந்தசாமி நாயுடு மகளிர் கல்லூரியை நடத்துவதும் பச்சையப்பன் அறக்கட்டளையே. கந்தசாமி நாயுடு வேறொருவர். ஒரு கட்டளை நாணயமாக நடக்கும் என்ற நம்பிக்கை ஏற்பட்டால், அடுத்த கொடையாளியும் தம் பொருளை அங்கேயே கொண்டுவந்து சேர்க்கிறார். ஒரு விளக்கில் மற்றொரு விளக்கை ஏற்றுவது போன்றது இது.

ஒரு கேள்வி

இவ்வரலாற்றை வகுப்பில் நான் எடுத்துச் சொன்னபோது நண்பர் ஒருவர் எழுந்து, "அந்தப் பணமே யாருடைய பணம்?" என்று கேட்டார். தக்க கேள்வி. 1780களின் தொடக்கத்தில் ஐதர் அலி படையெடுப்பால் தஞ்சை நாடு பாழாகிக் கிடந்தது. அந்நாட்டரசர் கும்பினிக்குக் கட்டவேண்டிய தொகைக்காகக் கடன் வாங்கினார். கடனுக்கு வட்டி உண்டு. வட்டியைக் கடைசியில் கட்டுபவன் உழவன். துபாஷியின் தரகில் அவ்வுழவனின் வியர்வையும் கலந்தே இருந்தது. இதை மறைத்துவிட்டு வள்ளல் என்று மட்டும் பாடினால், அது வரலாறு ஆகாது.

ஆயினும் அதே காலத்தில் அதே வழியில் பொருள் சேர்த்தவர் பலர். பெரும்பாலோரின் செல்வம் எங்கே போயிற்று? வெள்ளைக்கார வணிகர் பலர் தம் செல்வத்தோடு கப்பல் ஏறினர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிகு ஏல் இங்கே பெரும்பொருள் ஈட்டிச் சென்றார். 1718இல் அவர் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலுள்ள ஒரு சிறு கல்லூரிக்குப் புத்தகங்களும் துணிப்பொதிகளும் அனுப்பினார். அவை ஐந்நூற்று அறுபது பவுனுக்குச் சற்று மேல் விலைபோயின. அந்நன்றிக்காகவே அக்கல்லூரி ஏல் என்று பெயர் பெற்றது. சென்னையில் பிறந்த பணம் ஒரு கல்விக்கூடத்துக்குப் போனது நல்லதே. ஆனால், போனது கடல் கடந்து. பச்சையப்பரின் பணமோ இம்மண்ணிலேயே திரும்ப விழுந்தது. தஞ்சை உழவனின் கொள்ளுப்பேரன் அப்பணத்தில் எழுத்துக் கற்றிருக்கக்கூடும்.

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். அக்கல்லூரியில் 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே இடம். உயிலின் சொல்லும் காலத்தின் மனமும் அப்படி இருந்தன. காலம் மாறியபோது கதவும் திறந்தது. கொடுத்தவரின் சொல்லைக் காப்பதும், காலத்துக்கேற்ப அதை விரிப்பதும் காப்பவர் கடமை என்பதற்கு இதுவும் சான்று.

உயிரோடிருந்து கொடுத்தவர்கள்

ஒப்பிட்டுப் பார்க்க இருவரை எண்ணலாம். அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது 1929இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். அங்கே மின்வேதியியல் ஆய்வுக்கூடம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இருவரும் தம் கண்முன்னே செங்கல் ஏறுவதைப் பார்த்தவர்கள். பிழை நேர்ந்தால் தாமே திருத்த அவர்களால் முடிந்தது. பச்சையப்பருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆயினும் எந்தக் கொடையாளியும் ஒருநாள் மறைந்தே தீரவேண்டும். அதன்பின் எல்லாக் கொடைகளுக்கும் நிலை ஒன்றே. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2013இல் தமிழக அரசு சட்டம் இயற்றி அதன் நிர்வாகத்தை ஏற்றது. பச்சையப்பன் அறக்கட்டளையின் நிர்வாகமும் இந்த நூற்றாண்டில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்ததுண்டு. காவல் என்பது ஒருமுறை போட்டுவிட்டு உறங்கும் பூட்டு அன்று. ஒவ்வொரு தலைமுறையும் விழித்திருந்து செய்யவேண்டிய வேலை.

முடிவுரை

பச்சையப்பர் நமக்குக் கற்பிக்கும் பாடம், செல்வர்கள் கொடுக்கவேண்டும் என்பது மட்டுமன்று. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கொடுத்ததைக் காப்பவரும் கொடையாளியே என்பதுதான் நான் கண்ட பாடம். உயில் எழுதியவர் ஒருவர். அதை மன்றத்தில் எடுத்து வழக்காடியவர், கணக்குப் பார்த்தவர், கூலி வாங்காமல் தருமகர்த்தாவாக அமர்ந்தவர், தோற்ற மாணவனையும் தட்டிக்கொடுத்த ஆசிரியர் என்று காத்தவர் பலர். இவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஒரு லட்சம் வராகன் கொடுக்க நம்மால் ஆகாது. ஆனால், நம் ஊர்ச் சத்திரத்து நிலம் எங்கே போயிற்று என்று கேட்க நம்மால் ஆகும். ஏரிக் கணக்கையும் கோயில் கணக்கையும் பள்ளிக்கூடத்துக் கணக்கையும் படித்துப் பார்க்க நம்மால் ஆகும். அரசு நடத்தும் நம் கல்லூரியும் பொதுமக்கள் வரிப்பணத்தால் ஆன ஓர் அறக்கட்டளைதான். அதன் நூலகத்துப் புத்தகத்தைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுக்கும் மாணவனும், மணி அடித்தவுடன் வகுப்புக்கு வரும் ஆசிரியரும் அதன் தருமகர்த்தாக்களே. படித்த படிப்புக்கு நாம் செலுத்தும் வட்டி அது. அவ்வட்டி நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வோமாக.